சமதளத்தில் சறுக்கும் பொருளின் இயக்க உராய்வை எப்படிக் கணக்கிடுவது? சூத்திரம் தெரிந்தும் விடை தவறுகிறதே, ஏன்?

சூத்திரம் ஒரே வரிதான். இயக்க உராய்வுக் குணகத்தை (தொடும் இரு பரப்புகளும் எவ்வளவு உரசும் என்பதைக் காட்டும் எண்) செங்குத்து எதிர்விசையால் (தரை பொருளை மேல்நோக்கித் தாங்கும் விசை) பெருக்கினால் இயக்க உராய்வு விசை கிடைத்துவிடும். பிறகும் விடை பிசகுகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு அந்தச் செங்குத்து எதிர்விசையில்தான் இருக்கும். மாலை நேரத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். 'சமதளம்' என்ற சொல் கண்ணில் பட்டதுமே 'நிறை × 9.8' என்று அவர்கள் கை தானாக எழுதிவிடுகிறது.

விசை தரைக்கு இணையாக இருக்கும்வரை அது சரி. 25 கிலோ அரிசி மூட்டையின் எடை 245 நியூட்டன். தரைக்கும் சாக்குக்கும் இடையே குணகம் 0.4 என்று வைத்துக்கொண்டால், சறுக்கும்போது உராய்வு 98 நியூட்டன். இதில் யாரும் தவறு செய்வதில்லை.

இப்போது அந்த மூட்டையில் கயிறு கட்டி, தரையோடு 30 டிகிரி சாய்வில் 100 நியூட்டன் விசையால் இழுங்கள். கயிறு மூட்டையை முன்னால் இழுப்பதோடு கொஞ்சம் மேலேயும் தூக்குகிறது. தூக்கும் பங்கு 100 × சைன் 30, அதாவது 50 நியூட்டன். ஆகவே தரை தாங்க வேண்டியது 245 அல்ல, 195தான். உராய்வு 78 ஆகக் குறைகிறது. முன்னால் இழுக்கும் பங்கு 100 × கொசைன் 30, அதாவது 86.6. மிச்சம் 8.6 நியூட்டன், அதை 25ஆல் வகுத்தால் முடுக்கம் 0.34. சறுக்கத் தொடங்கிய மூட்டை மெல்ல வேகம் பிடிக்கும்.

கயிற்றை விட்டுவிட்டு, மூட்டைக்குப் பின்னால் போய் அதே 100 நியூட்டனை, அதே 30 டிகிரியில் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். இம்முறை அந்த 50 நியூட்டன் தரையை அழுத்துகிறது. எதிர்விசை 295, உராய்வு 118. முன்னால் தள்ளும் பங்கோ அதே 86.6தான். ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருந்த மூட்டைகூட வேகம் குறைந்து நின்றுவிடும். சாக்கின் முனையைப் பிடித்துத் தூக்கினாற்போல் இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே இருக்கிறது.

இங்கேதான் இன்னொரு வேடிக்கை. நின்றிருக்கும் மூட்டையை இப்படித் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டேன். 86.6இலிருந்து 118ஐக் கழித்து, மூட்டை பின்னோக்கி நகரும் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான்! தள்ளியவரையே திருப்பித் தள்ள உராய்வு என்ன பேயா? அந்த 118 சறுக்கும் பொருளுக்கு மட்டுமே உரியது. நிற்கும் பொருளில் செயல்படுவது ஓய்வுநிலை உராய்வு. அது தேவைக்கு மேல் ஒரு நியூட்டன்கூடத் தராது, 86.6ஆல் தள்ளினால் 86.6ஆல் எதிர்க்கும், அவ்வளவுதான்.

சரி, குணகம் எங்கிருந்து வரும்? தேர்வில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் அளக்க கேரம் பலகை போதும். விரலை விட்டுப் பிரிந்த ஸ்ட்ரைக்கரைத் தடுப்பது உராய்வு மட்டுமே என்று எடுத்துக்கொள்ளலாம். 'விசை = நிறை × முடுக்கம்' என்று எழுதினால் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போவதால், அதன் வேகம் குறையும் வீதம் குணகம் × 9.8 என்று ஆகிறது. சறுக்கிய தூரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த வீதம் கிடைக்கும். தொடக்க வேகம் தெரிய வேண்டியதே இல்லை.

வினாடிக்கு 30 சட்டகம் எடுக்கும் செல்போன் கேமராவில் பதிவு செய்து பார்த்தேன். பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கர் 60 செ.மீ. போய் நிற்க 27 சட்டகங்கள், அதாவது 0.9 வினாடி. 1.2ஐ 0.81ஆல் வகுத்தால் 1.48, அதை 9.8ஆல் வகுத்தால் குணகம் 0.15. பவுடரைத் துணியால் துடைத்துவிட்டு அடித்தபோது 50 செ.மீ. தூரத்துக்கு 18 சட்டகங்கள், குணகம் 0.28. கால்குலேட்டர் முதல் விடையை 0.1512 என்று காட்டும். அப்படியே எழுதாதீர்கள். ஒரு சட்டகம் முன்பின் எண்ணினாலே விடை 0.14க்கும் 0.16க்கும் இடையே ஆடுகிறது.

ஸ்ட்ரைக்கரின் மேல் ஒரு காயை ஒட்டி எடையைக் கூட்டினாலும் குணகம் ஏறக்குறைய அதேதான். சுமை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும், தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல என்று பிரான்சு நாட்டு இயற்பியலாளர் அமோந்தோன் 1699இலேயே சொல்லிவிட்டார். ரப்பர் போன்ற பொருள்கள் இதற்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. மரம், உலோகம் என்றால் தாராளமாக நம்பலாம்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்ட்ரைக்கர் எதிர்ச்சட்டத்தில் மோதக் கூடாது. எனக்கு முதல் நான்கு அடிகள் அப்படித்தான் வீணாயின.