அலமாரியில் பவளம், விண்ணப்பத்தில் என்ன?

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன். ஊர் ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம். ஆறாம் வகுப்பிலிருந்து கிளிஞ்சல், சோழி, சங்கு, பவளத் துண்டு என்று கரையில் பொறுக்கி ஒரு அலமாரி நிறையச் சேர்த்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் கடல் உயிரியல் படிக்க, பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான 'காமன் ஆப்' வழியாக விண்ணப்பிக்கிறேன். "எழுதினா வம்பு" என்கிறார் அண்ணன். "இதை விட்டா உன்கிட்ட வேற என்ன இருக்கு?" என்கிறார் டியூஷன் சார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பவளத்தைப் பொறுத்தவரை அண்ணன் பேச்சை.

கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணைதான். "செத்துக் கரை ஒதுங்கியதைத்தானே எடுத்தேன்" என்பது செல்லாது. இறந்து கிடப்பதும் அரசின் சொத்து, கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவு. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம். ராட்சத மட்டி போன்ற சில சிப்பி, சங்கு இனங்களும் பாதுகாப்புப் பட்டியலில் உண்டு. பூசைச் சங்கு அதில் இல்லை. விண்ணப்பம் என்பது நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். எனவே முதலில் அலமாரியில் இருப்பதில் பவளத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பவளத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பெற்றோரோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள். ஞாபகார்த்தமாக ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது இன்னும் மோசம். பவளம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருப்பதால் இரண்டு நாட்டுச் சுங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

மிச்சம் இருப்பதை எழுதலாம். ஆனால் 'ஷெல் கலெக்‌ஷன்' என்று எழுதாதீர்கள். படிப்புக்கு வெளியே செய்ததைக் கேட்கும் செயல்பாட்டுப் பகுதியில் 10 இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் உங்கள் பங்குக்கு 50 எழுத்து, விவரத்துக்கு 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். 150 எழுத்தில் பொருளைப் பற்றிப் பேசினால் ஒன்றும் நிற்காது. எந்தக் கரை, எப்போது, என்ன குறித்தீர்கள் என்று எழுதினால் நிற்கும்.

படம் இணைப்பதாக இருந்தால் கவனம். கரையில் கிடந்து வெயில்பட்ட சோழி மங்கியிருக்கும், நுனி தேய்ந்திருக்கும், அங்கங்கே பொடித் துளை இருக்கும். கண்ணாடி போல மினுங்கும் சோழி என்றால் உயிரோடு எடுத்துக் கொதிக்க வைத்ததோ என்று துறை தெரிந்தவர் சந்தேகப்படுவார். அடுத்த கேள்வி உங்களுக்குத்தான் வரும்.

மண்டபத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), மறுபக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா). ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் தென்கடல். இரண்டு கரையிலும் ஒதுங்குவது ஒன்றா? இதை நடந்து போய்ப் பார்க்க உங்களால் முடியும். நான்கு ஒரு மீட்டர் குச்சியைச் சேர்த்துச் சதுரம் கட்டுங்கள். பாசி ஒதுங்கிய கோட்டில் 50 மீட்டருக்குள் 10 இடத்தில் வைத்து, உள்ளே கிடப்பதை எண்ணி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். காலிச் சங்கு முனிவர் நண்டுக்கு வீடு. தேதி, ஓதம், காற்றுத் திசை மூன்றும் நோட்டில் ஏற வேண்டும். ஒரு வாரம் ஏற்றத்திலும் மறுவாரம் வற்றத்திலும் போனால் கணக்கு ஒப்பிட உதவாது. பெரும்பாலான மாணவர் கணக்கெடுப்பு கெடுவது இங்கேதான். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் இனத்தை மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். படத்திலேயே இடம் பதிவாகிவிடும்.

கட்டுரையில் "கடலைக் காக்கவே சேர்த்தேன்" என்று மட்டும் எழுத வேண்டாம். ஆறாம் வகுப்பில் அழகாக இருந்ததால்தான் பொறுக்கினீர்கள்.

கேள்வி: ஊர் தொண்டி. மகன் கட்டுச்சேவல் வளர்க்கிறான். கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. விண்ணப்பத்தில் போடலாமா?

பதில்: தமிழ்நாட்டில் அந்தப் படிப்புக்கு மதிப்பெண் தரவரிசைதான், பொழுதுபோக்குக்கு அங்கே வேலை இல்லை. வெளிநாட்டுக்கு எழுதினால், அசில் என்ற கட்டுச்சேவல் இனத்தை வளர்ப்பது குற்றமல்ல, மோதவிடுவதுதான் 1960 விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை மனதில் வையுங்கள். அடை வைத்தது, குஞ்சு பொரித்த கணக்கு, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட தேதி, வாராந்திர எடை எல்லாம் எழுதத் தக்கவை. களத்தில் இறக்கியிருந்தால், இறக்கவில்லை என்று எழுதச் சொல்லாதீர்கள். அந்தச் செயல்பாட்டையே விட்டுவிடச் சொல்லுங்கள்.