முதல் தண்ணீரைக் கொட்டினால் என்ன?

கேள்வி: சீனாவின் குவாங்சோ கண்காட்சிக்குப் போனபோது, அங்கேயே தொழில் செய்யும் நண்பர் ஒருவர் ஃபாங்சுன் தேயிலைச் சந்தைக்கு அழைத்துப்போனார். ஒரு கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, ஒரு மடக்குக்கூடக் காணாத கோப்பையில் பால், சர்க்கரை இல்லாத டீயை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். முதலில் போட்டதை அப்படியே கொட்டினார்கள். 'வாத்து எச்ச மணம்' என்று ஒரு டீக்குப் பெயர் வேறு! நண்பர் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். இது ரசனையா, பகட்டா? வாங்கிவந்த நூறு கிராமைப் பாலில் போட்டுக் கொதிக்க வைக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு, அந்தக் 'கொட்டினார்கள்' மட்டும் ஆறவில்லை. கொட்டினால் என்ன? கோப்பை சூடாகிறது. முறுக்கிக் கிடக்கும் இலை நனைந்து விரியத் தொடங்குகிறது. வருடக்கணக்கில் அடுக்கி வைத்திருந்த பூஅர், அதாவது வட்டாக அழுத்திய தேயிலை என்றால் தூசியும் போகும். எல்லா டீக்கும் இப்படிச் செய்வதில்லை. ஹாங்சோவின் லோங்ஜிங் மாதிரிப் பச்சைத் தேயிலையில் முதல் தண்ணீரைக் கொட்டினால் நல்லதெல்லாம் அதோடு போய்விடும்.

எனக்குக் கோபமெல்லாம் கொட்டவேண்டியதைக் கொட்டாதவர்கள் மேல்தான். விடியற்காலையில் பையில் போட்ட தூளை உச்சிவேளை வரை பிழிந்துகொண்டிருக்கும் கடைகள் நம் ஊரில் உண்டு. அதைவிட மோசம், குடித்து முடித்த தூளைச் சேகரித்து, காயவைத்து, சாயம் ஏற்றித் திரும்ப விற்கும் கூட்டம். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடிப்பதும், மூட்டைகளை அழிப்பதும், கொஞ்ச நாளில் வேறொரு இடத்தில் பிடிபடுவதுமாக இது நடக்கிறது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தாளைக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். சாயத் தூள் என்றால் பழுப்பும் கறுப்புமாகத் தாளில் திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கும். இதை எழுதும்போதெல்லாம் 'டீக்கடைக்காரர் வயிற்றில் அடிக்காதே' என்று கடிதம் வருகிறது. இந்த முறையும் வரட்டும். நல்ல டீ போடுகிறவருக்குச் செய்யும் அநியாயம் சாயத் தூள்தானே தவிர, என் எழுத்து இல்லை.

சரி, வாத்துக்கு வருகிறேன். குவாங்டோங் மாகாணத்தின் கிழக்குக் கோடியில் சாவோசோ இருக்கிறது. அதை ஒட்டிய ஃபெங்ஹுவாங் மலையில் விளைவது டான்சோங் வகைத் தேயிலை. நல்ல டான்சோங் என்றால் ஒரு மரத்து இலையை இன்னொரு மரத்தோடு கலக்காமல் தனியாகப் பறித்துத் தனியாகப் பதப்படுத்துவார்கள். அபாரமான மணம் கொண்ட ஒரு மரத்தை வைத்திருந்தவர், அக்கம்பக்கத்தார் கிளை ஒடித்துப் போகாமல் இருக்க, 'வாத்து எச்சம்' என்று சொல்லிவைத்தார் என்று கதை. பிற்பாடு 'வெள்ளிப்பூ மணம்' என்று கௌரவமான பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஊர் கேட்கவில்லை. வாத்துதான் நிலைத்தது.

அடுத்த முறை போனால் குடித்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். டீ ஊறவைக்கும் மூடிக் கிண்ணமான கைவானைத் திறந்து, ஊறிய இலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். நடுவில் பச்சை, ஓரம் மட்டும் செம்பழுப்பு. வெயிலில் வாட்டிய இலையை மூங்கில் தட்டில் போட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் குலுக்குவார்கள். ஓரங்கள் உரசிக் கன்றி, அங்கே மட்டும் நிறம் மாறும். எப்போது குலுக்க வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்பதை மணத்தை முகர்ந்தே முடிவு செய்கிறார் ஒருவர். அவர் தூங்காத அந்த ராத்திரிதான் நீங்கள் குடித்தது. நண்பர் கண்ணை மூடியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பகட்டே இல்லையா என்றால், உண்டு. பட்டாடையும் பின்னணி வீணையும் வைத்து விலையை ஏற்றுபவர்கள் சீனாவிலும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போனது மொத்தச் சந்தை. அங்கே ருசி பார்ப்பது வாங்குவதன் ஒரு பாகம். துணியைத் தடவிப் பார்க்காமல் நீங்கள் லாட் எடுப்பீர்களா?

நான் இங்கே மறுபடி மறுபடி சொல்லும் விஷயத்துக்கு இப்போது வந்தாக வேண்டும். நீலகிரியில் விளைவதும் தேயிலைதான். சீனத்துச் செடியின் வம்சமே அங்கே இன்னும் நிற்கிறது. ஆனால் சிறு விவசாயி பறிக்கும் பச்சை இலையில் பெரும்பங்கு சிடிசி எந்திரத்துக்குப் போய், நறுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாகவும் தூளாகவும் வெளியே வருகிறது. யார் தோட்டத்து இலை, எந்த நாள் பறித்தது என்பதெல்லாம் அந்த வாசலோடு சரி. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு அந்த விவசாயிகள் எத்தனையோ முறை உண்ணாவிரதம் இருந்துவிட்டார்கள். குடிப்பவன் இலையைக் கண்ணால் பார்த்து, குடித்துப் பார்த்து வாங்குகிற இடத்தில் நல்ல இலைக்கு நல்ல விலை கேட்க வாய் வரும். தூளில் அந்த வாய் அடைபட்டுப்போகிறது. முழு இலையாகக் கையால் பதப்படுத்தும் ஒன்றிரண்டு பேர் நீலகிரியில் இருக்கிறார்கள். அதையும் வாங்கிக் குடியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சாவோசோவில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் மேசையில் மூன்று கோப்பைதான் வைக்கும் வழக்கம். வரிசையாக ஊற்றாமல் மூன்றின் மேலும் சுற்றிச்சுற்றி ஊற்றுவதற்கு 'குவான் யூ நகர்வலம்' என்று பெயர். கடைசிச் சொட்டுகளைக் கோப்பைக்குக் கோப்பை பங்கு வைப்பது 'ஹான் ஷின் படை எண்ணுவது'. இரண்டு பேரும் பழைய தளபதிகள். ஒருவருக்குத் திடம், இன்னொருவருக்கு வெறும் தண்ணீர் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு ஏற்பாடு. நாலாவது ஆள் காத்திருப்பார். கோப்பையைக் கழுவி அடுத்த சுற்றில் முதலில் அவருக்குக் கொடுப்பார்கள். உங்கள் நண்பர் உங்களுக்காக இரண்டு மணி நேரம் ஒதுக்கினாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பாலில் கொதிக்க வைக்கவே வேண்டாம். மூடியுள்ள சின்னக் கிண்ணம் போதும். நூறு மில்லிக்கு ஐந்தாறு கிராம் இலை, கொதித்து இறக்கிய தண்ணீர், ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துவிடுங்கள். நேரம் போனால் கசந்துவிடும். அதே இலையில் ஏழெட்டு முறை தாராளமாக ஊற்றலாம். மூன்றாவது, நாலாவது தண்ணீரில்தான் மணம் நன்றாக எழும்பும். அதற்குள் வீட்டில் மற்றவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.