டி-ஷர்ட்டில் உள்ள 'டி' எதைக் குறிக்கிறது?

எதன் சுருக்கமும் இல்லை. அது ஆங்கில எழுத்து 'டி'யின் (T) வடிவம், அவ்வளவுதான். துவைத்த டி-ஷர்ட் ஒன்றைக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நேராக இழுத்து விடுங்கள். நடுவில் உடல், மேலே குறுக்காகக் கைகள்: எழுத்து அப்படியே கிடக்கும். காலரும் பொத்தான் வரிசையும் இல்லாததால் அந்த வடிவம் பளிச்சென்று தெரிகிறது.

யூ-டர்னில் 'யூ' வண்டி திரும்பும் வளைவைக் காட்டுகிறது. எல்-போர்டில் 'எல்', கற்றுக்கொள்பவர் என்று பொருள்படும் 'லேர்னர்' (Learner) என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. டி-ஷர்ட் முதல் வகை.

பிறந்த இடம் அமெரிக்கா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கடற்படையினர் சீருடைக்கு உள்ளே போட்ட அரைக்கை உள்ளாடை இது; நம்மூர்க் கணக்கில் கைவைத்த பனியன். எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 1920 நாவலிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. வெளியே போடும் உடுப்பாக இது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

'ஷர்ட்' கதை இன்னும் சுவையானது. குட்டை என்று பொருள்படும் 'ஷார்ட்', பாவாடையைக் குறிக்கும் 'ஸ்கர்ட்' இரண்டும் அதன் உறவுக்காரச் சொற்கள். வெட்டிக் குறுக்கிய துணி என்பதே அடிப்படைக் கருத்து. ஒரே வேர், ஆங்கிலத்தில் இடுப்புக்கு மேலே ஒன்றாகவும் கீழே ஒன்றாகவும் பிரிந்துவிட்டது!

சிலர் இதை 'ட்ரெயினிங் ஷர்ட்' என்பதன் சுருக்கம் என்றோ, கோல்ஃப் பந்தை நிறுத்தும் 'டீ'யிலிருந்து வந்தது என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் தவறு, 'டீ-ஷர்ட்' என்று நீட்டி எழுதுவதும் அதே எழுத்தின் பெயரைத்தான்.