தேரூர் குளத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் நாகர்கோவில் வடசேரிக்காரன். இப்போது பெங்களூரில் வேலை. பழையாற்றங்கரைக் குளங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தேரூர் குளத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலம், ராம்சர் தளம் என்கிறார்களே என்று நிறைய எதிர்பார்த்திருந்தேன். பார்த்தது தண்ணீர், தாமரை இலை, நடுவில் கறுப்பாகச் சில புள்ளிகள், கரையில் நாலைந்து கொக்கு, அவ்வளவுதான். பிள்ளைக்குச் சலித்துவிட்டது. அரை மணி நேரத்தில் சுசீந்திரம் கோயிலுக்குப் போய்விட்டோம்.

இரண்டு கேள்விகள். நாங்கள் எப்போது போயிருக்க வேண்டும்? அப்புறம், அங்கே படகு, நடைபாதை, விளக்கு, சின்னப் பூங்கா என்று அமைத்தால் மக்கள் வருவார்கள், குளத்தின் மேல் அக்கறையும் வரும் அல்லவா? இப்படியே விட்டால் யாருக்கும் தெரியாமல் அழிந்துபோகாதா?

பின்குறிப்பு: தேரூர்ப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. குத்தகைக்குப் பயிரிடுகிறவர் இனி நெல் கட்டாது, வாழை வைக்கிறேன் என்கிறார். பறவைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இது ஏனோ நினைவுக்கு வந்தது.

அன்புடன்,
ர., பெங்களூர்

அன்புள்ள தம்பி,

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதே எனக்குப் பெரிய சந்தோஷம். கன்னியாகுமரிக்குப் போகிற வண்டிகள் தினமும் சுசீந்திரம் குளத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. நிறுத்தி இறங்கிப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

உங்கள் பின்குறிப்புதான் எனக்குக் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு விஷயம். தேரூர் குளத்தையும் சுசீந்திரம் குளத்தையும் நம் முன்னோர்கள் நெல்லுக்காக வெட்டினார்கள். அங்கே தண்ணீர் எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதை இன்றைக்கும் வயல்தான் தீர்மானிக்கிறது. பறவைகள் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வந்து போகின்றன. இது பிடிபட்டுவிட்டால் உங்கள் இரண்டு கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பழையாறு சின்ன ஆறு. மலையில் பிறந்து, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குள் வளைந்து, சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் கடலில் சேர்கிறது. அதன் சொந்தத் தண்ணீர் மட்டும் நாஞ்சில் நாட்டுக்குக் காணாது. பொன்மனையில் பறளியாற்றின் குறுக்கே பாண்டியர் காலத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் அணை ஒன்று இருக்கிறது. மேற்கே ஓடிப்போகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பிப் பழையாற்றில் விட்டது அந்த ஏற்பாடு. 1906இல் பேச்சிப்பாறை அணை வந்தபிறகு அது இன்னும் உறுதியானது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கால்வாய் வழியாக வருகிற தண்ணீர் குளத்தில் நிற்கும். குளத்து மடை திறந்தால் கீழே இருக்கிற பத்துகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, பாயும். முதல் போகமான கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியில் அறுப்பு. இரண்டாம் போகமான கும்பப்பூ மாசி, பங்குனியில் அறுப்பு. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் இரண்டு போகத்துக்கும் குளம் கை கொடுக்கும்.

சரி, இனி நீங்கள் போன பொங்கல் சமயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து அணையும் திறந்திருக்கிற நேரம். குளம் நிறைந்து கிடக்கும். நாரை, உள்ளான், அரிவாள் மூக்கன் எல்லாம் நின்று மேய்கிற பறவைகள். அவற்றுக்குக் கணுக்கால் அளவு, மிஞ்சினால் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். நிறைகுளத்தில் அந்த ஆழம் கரையோரத்தில் ஒரு ஒடுங்கிய பட்டையாகத்தான் இருக்கும். அதனால் அவை பெரும்பாலும் வயலில் நிற்கும். நீங்கள் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த வயல்களில் எத்தனை நின்றனவோ!

அந்தக் கறுப்புப் புள்ளிகள் அநேகமாக நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளைத் திட்டு இருக்கும். அவற்றால் சட்டென்று மேலே எழும்ப முடியாது, தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் பறக்கும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிற காட்சி அது. கூடவே சீழ்க்கைச் சிரவியும், வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் நீலச்சிறகியும், ஊசிவால் வாத்தும் கலந்திருக்கலாம். பதினொரு மணி வெயிலில் வாத்துகள் பெரும்பாலும் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கும். வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும்.

தாமரை இலை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்த இலைகளின்மேல்தான் நீளவால் இலைக்கோழி நடந்துகொண்டிருந்திருக்கும். விரல்கள் அத்தனை நீளம் என்பதால் எடை பரவி இலை அமிழாது. படங்களில் பார்க்கிற அந்த நீண்ட கறுப்பு வால் ஜனவரியில் இருக்காது. இனப்பெருக்க காலத்தில் மட்டும் வளர்ந்து பிறகு உதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் மங்கலான பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும் அதைப் பழகாத கண் தாண்டிப் போய்விடும். இந்தப் பறவையில் அடை காப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் அப்பன்காரன்தான். தாய் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை அவளே இலை இலையாகத் தேடுவாள்.

இப்போது எப்போது போகலாம் என்பதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. அணை அடைத்தாயிற்று, கும்பப்பூ அறுப்பு நடக்கிறது, குளம் சுருங்குகிறது, வலசை வந்த பறவைகளில் பல இன்னும் கிளம்பவில்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கச் சேறு தெரியும், மீனும் நத்தையும் குறைந்த இடத்துக்குள் சேரும். கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை ஒரு பக்கமாக ஒதுக்குவதையும், மஞ்சள் மூக்கு நாரைகள் அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டுக்கொண்டு நடப்பதையும் கரையில் நின்றே பார்க்கலாம். பாம்புத் தாரா முங்கி எழுந்து குச்சிமேல் சிறகை விரித்துக் காயப்போடும். சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் நல்லது. குளத்தைச் சுற்றி நடப்பதைவிட ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது பலன் தரும்.

பிள்ளை சலித்தால் ஆற்றோடு கீழே போங்கள். தேரூர் கவிமணி பிறந்த ஊர், அதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சுசீந்திரம் குளத்தைப் பார்த்துவிட்டு மணக்குடி காயலுக்குப் போனால் ஒரே காலையில் நன்னீர் உப்புநீராக மாறுவதைக் காட்டிவிடலாம். கண்டல் என்கிற அலையாத்திச் செடிகள், பக்கத்தில் உப்பளங்கள், ஆண்டு வாய்த்தால் பூநாரைகள். 2004 சுனாமியில் மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலமே அடித்துப்போனது. அதற்குப் பிறகு இந்த அலையாத்திச் செடிகளைக் கரையோர மக்கள் பார்க்கிற பார்வையே மாறியிருக்கிறது.

படகும் பூங்காவும் பற்றி. உங்கள் எண்ணத்தில் தப்பில்லை, ஆனால் எனக்கு இதில் உறுதியான எதிர்ப்பு உண்டு. படகு விட ஆழம் வேண்டும். ஒரே சீராக ஆழப்படுத்தினால் நான் மேலே சொன்ன கணுக்கால் தண்ணீர் போய்விடும். நடைபாதைக்காகக் கரையைச் செங்குத்தாகக் கல் வைத்துக் கட்டினால், சரிந்து இறங்குகிற சேற்றுப் பட்டை போய்விடும். நாரைக்கும் உள்ளானுக்கும் சோற்றுத்தட்டு அதுதான். விளக்கு போட்டால் இரவில் மேயும் வாத்துகளுக்குத் தொல்லை. நடுக்குளத்தில் ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் படகு ஒவ்வொரு முறை எழுப்பும்போதும், வலசைக்காகச் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. தூர் வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விவசாயிக்குக் கொள்ளளவு வேண்டும். மடைப் பக்கம் ஆழமாக எடுங்கள், எதிர்க்கரைச் சரிவைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

மக்கள் வந்தால் அக்கறை வரும் என்கிறீர்கள். வரட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் குளத்தோடு ஏற்கெனவே தினமும் உறவு உள்ளவர்கள் இருக்கிறார்கள். மடை திறக்கிறவர், மீன் குத்தகை எடுத்தவர், தாமரை பறிக்கிறவர், வயல்காரர். மீன் குத்தகைக்காரருக்கு நீர்க்காகம் நேரடி நஷ்டம். தாமரைக்கு உரமும் மருந்தும் தெளித்தால் அது மீனுக்கும் பறவைக்கும் போகிறது. ஆற்றில் ஊர்ச் சாக்கடை கலக்கக் கலக்க ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. இவர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு வழி காண்பதில்தான் குளத்தின் பிழைப்பு இருக்கிறது. பூங்காவுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால் சாக்கடையைச் சுத்திகரிக்கச் செலவழிக்கட்டும்.

2022இல் சுசீந்திரம் தேரூர் குளங்களும், அதே ஆண்டில் நம் மாவட்டத்து வேம்பனூரும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பெருமையான விஷயம். சுசீந்திரம் தேரூர்ப் பரப்பு சுமார் 94 ஹெக்டேர். ஒரு நாரை காலையில் இரை தேடக் கிளம்பினால் அந்த எல்லையைச் சில நிமிடத்தில் தாண்டிவிடும். மிச்ச நேரம் அது மேய்வது யாரோ ஒருவருடைய வயலில்.

அந்த யாரோ ஒருவர் உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம். பின்குறிப்பு எனக்கு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் இதுதான். நெல் வயலில் வருஷத்தில் பல மாதம் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கிறது. உழவு நடந்தால் கொக்கு டிராக்டர் பின்னால் வரும், நடவு முடிந்தால் நத்தை குத்தி நாரை வரும், அறுத்த தாளில் உள்ளான் வரும். வாழைக்கு மேட்டுப் பாத்தி கட்டி, தண்ணீர் நிற்காமல் வடிக்க வேண்டும். அந்தத் துண்டு நிலம் இவற்றுக்கெல்லாம் இல்லாமல் ஆகிவிடும். வாழை பிறகு தென்னையாகும், தென்னை மனையாகும். நாஞ்சில் நாட்டில் எத்தனை பத்துகள் இப்படிப் போனதைப் பார்த்துவிட்டோம். கீழே வயல் இல்லாவிட்டால் மேலே குளத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்க ஆளிருக்காது.

குத்தகைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூலி, உரம், அறுப்பு இயந்திரத்து வாடகை எல்லாம் ஏறியிருக்கிறது, நெல்லுக்கு விலை அந்த அளவு ஏறவில்லை. அவர் கணக்கு சரியான கணக்கு. ஆனால் உங்கள் குடும்பம் அந்த வயலை நம்பி இல்லை என்று கடிதத்திலிருந்து யூகிக்கிறேன். அப்படியானால் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நெல் போடுகிற வரை குத்தகையைக் குறைத்துக்கொள்ள முடியுமா? இரண்டு போகமும் முடியாவிட்டால் கும்பப்பூ மட்டுமாவது நெல், அறுத்தபின் உளுந்து என்று அவரோடு பேச முடியுமா? கும்பப்பூ நெல் நிற்கிற மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் இங்கே இருக்கின்றன.

மார்ச்சில் லீவு கிடைக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கே வாருங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் இருந்து, பார்த்தவற்றை எண்ணி ஈபேர்ட் (eBird) என்கிற இணையதளத்தில் பதிவு செய்தால் போதும், யார் வேண்டுமானாலும் சேரலாம். மகள் எண்ணட்டும், நீங்கள் எழுதுங்கள். இந்த முறை அப்பாவின் வயல் வரப்பிலிருந்து தொடங்குங்கள். என்னென்ன பார்த்தீர்கள், குத்தகை விஷயம் என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி