ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாள், காற்றுப் பிரியலையா?

அப்பாவுக்கு அப்பெண்டிக்ஸ் வெடிச்சு அவசர ஆபரேஷன், மூணு நாளாகியும் காற்றுப் பிரியலைன்னு எழுதியிருந்தீங்க. அதை மட்டும் வச்சுப் பயப்படாதீங்க. வயித்துல ஆபரேஷன் பண்ணினா குடல் கொஞ்ச நாள் அசையாம நின்னுடும். சிறுகுடல் ஒரு நாள்ல சுதாரிச்சுடும். பெருங்குடலுக்கு 48 முதல் 72 மணி நேரம் ஆகும். உள்ளே சீழ் இருந்திருந்தா இன்னும் இழுக்கும்.

சர்ஜன் சரின்னா சர்க்கரையில்லாத சூயிங் கம் கொடுங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, மூணு வேளை, கால் மணி நேரம் மெல்லட்டும், விழுங்கக் கூடாது. சாப்பாடு வருதுன்னு குடல் ஏமாந்து அசைய ஆரம்பிக்கும். எல்லாருக்கும் பலிக்காது, ஆனா செலவு கம்மி. தையல் மேல தலையணையை அணைச்சுக்கிட்டு வார்டுக்குள்ள நடக்க வைங்க. டிரமடால் மாதிரி வலி மருந்து குடலை மந்தமாக்கும். குறைக்க முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க. பெரியவங்க சொல்ற விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். பச்சையா வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லா உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.