கன்சோல் முன்னால் வேறுபட்ட மூளைகள்: கேள்வி பதில்

ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் பதினைந்து வருடம் கன்சோல் (திரைகளைப் பார்த்து ஆலையை ஓட்டும் மேசை) பார்த்தேன். அப்புறம் அலாரங்களைச் சீரமைக்கும் வேலைக்கு வந்தேன். எனக்கு ஏடிஹெச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதில் சிக்கல்) இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் சிரமம்) உள்ளவர்கள் அந்த நாற்காலியில் நன்றாக வேலை செய்ய என்ன வேண்டும் என்று கேளுங்கள். மருந்து பற்றி மட்டும் வேண்டாம், நான் மருத்துவர் இல்லை.

கேள்வி: என் ஷிஃப்டில் ஆட்டிசம் உள்ள ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். சாதாரண நாளில் அவரை மிஞ்ச ஆளில்லை. அலாரம் ஒரேயடியாகக் குவிந்தால் உறைந்துபோகிறார். அவருக்கு என்ன பயிற்சி தரலாம்?

பயிற்சிக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அப்படிக் குவியும்போது பத்து நிமிடத்தில் எத்தனை அலாரம் வருகிறது?

1994-ல் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று. அதை எந்த மூளையும் தாங்காது. அதற்குப் பின் வந்த ஈஈஎம்யூஏ 191 என்ற அலாரம் வழிகாட்டி சாதாரண ஓட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் போதும் என்கிறது. பெரிய கோளாறு வந்த முதல் பத்து நிமிடத்தில்கூடப் பத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் அறை அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். விட்டுவிட்டு அடிக்கும் அலாரங்களுக்கு டெட்பேண்டும் (எல்லையருகே அளவு சற்றே ஆடினால் மறுபடி அடிக்காமலிருக்க விடும் இடைவெளி) தாமதமும் வையுங்கள். மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருப்பவற்றைத் தூக்குங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே போய்விடும். போவது அவருக்கு மட்டும் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரருக்கும்தான். அவர் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மீதிப் பாதிக்கு: நெருக்கடியில் அவரிடம் ஒருவர் மட்டும் பேசட்டும். “அதைக் கொஞ்சம் பாருப்பா” வேண்டாம். “இரண்டாவது பம்பை நிறுத்து, நிறுத்தியதும் சொல்” என்று கேளுங்கள். ஒவ்வொரு பெரிய கோளாறுக்கும் முதல் மூன்று செயல்களை ஒரு அட்டையில் எழுதிக் கன்சோலில் ஒட்டுங்கள். அதையே சிமுலேட்டரில் பழக்குங்கள். இன்னொன்று, நீங்கள் உறைதல் என்று நினைப்பது உண்மையில் உறைதல்தானா? சிலர் யோசிக்கும்போது முகம் அசையாது, பதில் வராது. அமைதியான ஒரு நாளில் அவரையே கேளுங்கள்: “அந்த நேரத்தில் உனக்குள் என்ன நடக்கிறது?”

கேள்வி: சத்தம் தாங்காத ஆபரேட்டருக்கு இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் தரலாமா?

வேண்டாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லா அலாரமும் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் காதை மூடும் எதையும் தராதீர்கள். சத்தத்தை வரும் இடத்தில் பிடியுங்கள். பிரின்டரை வெளியே வையுங்கள். வேலை பெர்மிட் (அனுமதிச் சீட்டு) கையெழுத்துக்கு வருகிற கூட்டத்துக்கு வேறு ஜன்னல் திறங்கள். விமானிகளுக்கு 1981-லேயே அமெரிக்காவில் விதி வந்துவிட்டது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குத் தேவையில்லாத பேச்சு கூடாது. ஆலையைத் தொடங்கும், நிறுத்தும் நேரங்களுக்கு அதே விதியை நாமும் வைக்கலாம். காசு செலவில்லை.

கேள்வி: டிஸ்லெக்ஸியா உண்டு. 1017 என்ற டேகை (கருவியின் அடையாள எண்ணை) 1071 என்று படித்துவிடுகிறேன்.

எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கருவியின் பெயரையும் சேர்த்து: “ஒன்று பூஜ்யம் ஒன்று ஏழு, ஊட்டுநீர் வால்வு.” எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்லட்டும், நீங்கள் “சரி” என்ற பிறகே கை வையுங்கள். இது எல்லோருக்கும் விதியாக இருந்தால் உங்களைத் தனியே யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: ஏடிஹெச்டி மாத்திரை போட்டுக்கொண்டு இரவு ஷிஃப்ட் பார்க்கலாமா?

பணிநல மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரவு மூன்று மணிக்கு ஒன்றுமே நடக்காதபோது கவனம் சிதறுகிறது. எனக்கும் ஏடிஹெச்டிதான்.

1948-ல் மேக்வொர்த் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். அரிதாக வரும் குறிப்புக்காகக் காத்திருப்பவர்களின் கண் அரை மணி நேரத்துக்குள்ளேயே மந்தமாகிவிடுகிறது. ஆகவே வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது எவருக்கும் வேலை ஆகாது. மணிக்கொரு முறை முக்கியமான பத்து டிரெண்டை (அளவுகளின் ஏற்ற இறக்கப் போக்கை) கையால் எழுதுங்கள், எழுந்து நின்று.

எனக்குச் சிதறலைவிட எதிர்ப்பக்கம்தான் பயம். ஒரு இரவு ஒரு கன்ட்ரோலரின் (தானாகக் கட்டுப்படுத்தும் கருவியின்) டியூனிங்கில் மூழ்கிப்போனேன். பக்கத்துத் திரையில் தொட்டி மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கூட இருந்தவர் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து அப்படித் தட்டச் சொல்லி நானே ஆள் வைத்துக்கொண்டேன்.

கேள்வி: பாட்டு கேட்டால் கவனம் நிற்கிறது. ஒரு காதில் மட்டும் ஹெட்போன்?

மேலே பாருங்கள். ஒரு காதும் காதுதான்.

கேள்வி: திரையின் பின்னணியைச் சாம்பல் நிறமாக்கச் சொல்லி உங்களைப் போன்றவர்கள்தான் கெடுத்தீர்கள். முப்பது வருடம் கறுப்புத் திரையில் ஓட்டினேன், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

அதுதான் குறை. எல்லாமே பளிச்சென்றால் அலாரம் எதில் தெரியும்? ஓடும் பம்பு பச்சை, நிற்கும் பம்பு சிவப்பு, அலாரமும் சிவப்பு. அந்தக் காலத்து சிஆர்டி (படக்குழாய்) திரையில் விளக்கொளி பிரதிபலித்தது, அதனால் அறையை இருட்டாக்கினோம், இருட்டறைக்குக் கறுப்புத் திரை. திரை மாறிய பிறகும் பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது.

அவரே: என் ஆட்களில் ஒருவருக்கு வெளிச்சம் ஆகாது. ஆட்டிசம். சாம்பல் திரை போட்ட நாளிலிருந்து தலைவலி. நீங்கள் பரிந்து பேசும் அதே ஆள்தான்.

இது நல்ல கேள்வி. அறை இன்னும் இருட்டாகத்தானே இருக்கிறது? இருட்டறையில் முழுப் பிரகாசத்தில் சாம்பல் திரை வைத்தால் எனக்கும் தலை வலிக்கும். அறை வெளிச்சத்தை மெல்ல ஏற்றுங்கள், திரையின் பிரகாசத்தை இறக்குங்கள். அலாரத்தின் நிறங்கள் பிரித்துத் தெரியும் அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். நிறத்தோடு வடிவமும் எழுத்தும் சேருங்கள், சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்களுக்கும் அது உதவும்.

இன்னொருவர்: நான் ஆட்டிசம் உள்ள ஆபரேட்டர். எனக்குக் கறுப்புதான் வசதி. எங்களைக் கேட்காமல் இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள்.

நியாயம். ஆட்டிசம் உள்ள இருவரின் கண் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாம்பலை எல்லோருக்கும் மருந்து போலச் சொன்னது என் அவசரம். ஆனால் கன்சோலை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பகிர்கிறீர்கள், அவசரத்தில் பக்கத்தவரும் அதே திரையைப் படிக்க வேண்டும். அதனால் பின்னணி ஒன்றாக இருக்கட்டும், பிரகாசம் அவரவர் கையில். விளக்கையும் பாருங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கும். பலருக்குத் தெரியாது, சிலருக்கு அதுதான் தலைவலி. மங்கலாக்கிய சில எல்இடி விளக்குகளும் துடிக்கும்.

கேள்வி: இவர்களுக்கு அபார ஆற்றல் உண்டாமே, தேடி எடுக்கலாமா?

ஆற்றலைத் தேடாதீர்கள், ஆபரேட்டரைத் தேடுங்கள். நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்று மதிப்பிடாமல் சிமுலேட்டரில் உட்கார வையுங்கள்.

கேள்வி: புது வகை ஹெட்போனில் அலாரம் மட்டும் கேட்குமாமே...

வேண்டாம் ஐயா.

கேள்வி: என் நிலையை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் கன்சோலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

பயம் வீணல்ல, அப்படி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரியிடம் நிலையின் பெயரைச் சொல்லாமலே தேவையைச் சொல்லலாம்: “ஹேண்டோவர் (ஷிஃப்ட் ஒப்படைப்பு) வாய்மொழியாக மட்டும் வேண்டாம், எழுத்திலும் தாருங்கள்.” “ஷிஃப்ட் மாற்றத்தை முந்தைய வாரமே சொல்லுங்கள்.” இதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மருத்துவத் தகுதிப் படிவத்தில் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள், அது மருத்துவருக்குப் போகிற தாள்.

கறுப்புத் திரைக்காரர்: அறையில் லக்ஸ் மீட்டர் (வெளிச்சம் அளக்கும் கருவி) வைத்து அளந்து அனுப்பினால் பார்ப்பீர்களா?

கட்டாயம். விளக்கு என்ன வகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்து பதில் போடுகிறேன்.