ஈயச் சொம்பு முதல் எவர்சில்வர் வரை: வாசகர் கேள்விகள்

கே: மாமியார் கொடுத்த ஈயச் சொம்பில் ரசம் வைத்தேன். விளிம்புக்குக் கீழே ஒரு பக்கம் உருகி ஓட்டை விழுந்துவிட்டது. பாதிச் சொம்புக்கு ரசம் இருந்தும் எப்படி உருகியது? காரீயம் (லெட்) கலந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மன்னார்குடி

ப: உருகியதை வைத்து மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. நல்ல சொம்பு சுத்தமான வெள்ளீயத்தால் (டின்) ஆனது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரசம் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நீர் கொதித்து ஆவியாக, வெப்பமும் அதோடு போய்விடுகிறது. ரச மட்டத்துக்கு மேலே உள்ள சுவருக்கு அந்தக் காப்பு கிடையாது. பெரிய பர்னரின் தீ பக்கவாட்டில் ஏறி அந்த இடத்தைத் தொட்டால் சில நொடிகளே போதும். உங்கள் சொம்புக்கு நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. சின்ன பர்னரில், அடிப்பாகத்தின் வட்டத்துக்குள் தீ அடங்கும்படி வையுங்கள். முக்கால் பாகத்துக்காவது ரசம் இருக்கட்டும். சொம்பிலேயே எண்ணெய் ஊற்றித் தாளிக்கவே கூடாது. கடுகு வெடிக்கும் எண்ணெயின் சூடு வெள்ளீயத்தின் உருகுநிலைக்கு மிக அருகில் வந்துவிடும். தாளிப்புக் கரண்டியில் தாளித்து, ரசத்தின் மேல் கொட்டுங்கள்.

காரீயம் பற்றிய பயம் நியாயமானது. புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுத் தராசை வைத்தே ஓரளவு சோதிக்கலாம். முதலில் சொம்பைக் காயவைத்து எடை பாருங்கள். பிறகு தண்ணீர் நிறைந்த வாளியைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். சொம்பை நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது, உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்த வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.34. உதாரணமாக, 438 கிராம் சொம்பு முழுக்க வெள்ளீயம் என்றால் தராசு 60 கிராம் காட்டும். எடையில் பாதி காரீயமாக இருந்தால் 49 கிராம்தான் காட்டும். 5 சதவீதம், அதற்கும் குறைவு என்றால் ஒரு கிராம் வித்தியாசம்தான் வரும்; தராசின் பிழையில் அது மறைந்துபோகும். அந்த அளவும் ரசத்துக்கு ஆகாது என்பதால், தங்கம் சோதிக்கும் இடத்தில் எக்ஸ்ரே கருவியில் காட்டுங்கள். அந்தக் கருவி காரீயத்தையும் அளக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டையை ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் சால்டரால் அடைத்துவிடாதீர்கள். வழக்கமான சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெள்ளீயத்தால்தான் அடைக்க வேண்டும்.

கே: பித்தளைக் குண்டானுக்கு ஈயம் பூசி இரண்டே மாதத்தில் மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டது. பூசியதில் என்ன குறை?
– ஒரு வாசகர், விருதுநகர்

ப: பெரும்பாலும் குறை மூன்று இடங்களில் வரும். முதலாவது, பழைய பிசுக்கும் களிம்பும் போகாமலே பூசுவது. ஈயம் வெறும் பூச்சாக மேலே உட்காருவதில்லை. உருகிய வெள்ளீயமும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து, எல்லையில் 6 செம்பு அணுவுக்கு 5 வெள்ளீய அணு என்ற கணக்கில் ஒரு மெல்லிய சேர்மப் படலம் உண்டாகிறது. பிடிப்பே அதில்தான். நடுவில் ஆக்சைடு இருந்தால் அணுக்கள் சந்திக்காது. நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) போடுவது அதற்காகத்தான். சூட்டில் அது அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிய, ஹைட்ரஜன் குளோரைடு அந்த ஆக்சைடை அரித்து எடுக்கிறது. வெண்புகை எழும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அதிகச் சூடு. ஈயக் குச்சி பாத்திரத்தில் பட்டதும் இளகி ஓட வேண்டும், அவ்வளவு சூடு போதும். பாத்திரம் சிவக்கும் வரை துருத்தி ஊதினால் வெள்ளீயம் ஆக்சைடாகி மஞ்சளித்து, துணியோடு வந்துவிடும். மூன்றாவது, ஈயத்தை மிச்சம் பிடிக்கக் காரீயம் கலப்பது. புதிய பூச்சு வெள்ளியாகப் பளபளக்காமல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாக மங்கிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

பூச்சு சரியாக இருந்தும் கம்பி நாரால் தேய்த்தால் நிற்காது. மஞ்சள் தெரிந்த பிறகு அதில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு வேண்டாம். செம்பும் துத்தநாகமும் கரைந்து இறங்கி, குமட்டலும் வாந்தியும் வரும்.

கே: சோடியத்தைக் கத்தியால் நறுக்கலாம். டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை உருகாது. இரண்டிலும் உலோகப் பிணைப்புதான் என்கிறது பாடம். அப்படியானால் இவ்வளவு வித்தியாசம் ஏன்?
– பிளஸ் 2 மாணவி, திருநெல்வேலி

ப: மிக நல்ல கேள்வி. உலோகத்தில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. எஞ்சிய நேர் அயனிகளை அவைதான் கட்டிப்பிடித்து வைக்கின்றன. ஒவ்வொரு அணுவும் எத்தனை எலக்ட்ரான்களைத் தருகிறது, அயனிகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்ற இரண்டும் பிடியின் வலுவைத் தீர்மானிக்கின்றன. சோடியம் ஒரே எலக்ட்ரான் தருகிறது, அணுவும் பெரியது. எனவே 98 டிகிரியிலேயே உருகிவிடும். மெக்னீசியம் இரண்டு தர, உருகுநிலை 650க்குத் தாவுகிறது. அலுமினியம் மூன்று தந்தும் 660தான். எலக்ட்ரான் எண்ணிக்கை மட்டுமே கணக்கில்லை, படிக அமைப்புக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதுவே சாட்சி. டங்ஸ்டனில் டி வகை எலக்ட்ரான்களும் சேர்ந்து 6 எலக்ட்ரான்கள் பிணைப்பில் இறங்குகின்றன. பாதரசம் இதற்கு நேர்மாறு. தன் வெளி எலக்ட்ரான்களை அணுக்கருவிடம் இறுக வைத்துக்கொள்வதால் −39 டிகிரி வரை திரவமாகவே இருக்கிறது.

சுத்தியால் அடித்தால் உலோகம் தகடாவதும் உப்புக்கல் நொறுங்குவதும் இதே கணக்குதான். உலோகத்தில் ஓர் அடுக்கு நழுவினாலும் எலக்ட்ரான்கள் கூடவே நகர்ந்து பிடித்துக்கொள்கின்றன. உப்பில் அடுக்கு நழுவியதும் ஒரே மின்னூட்டம் கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்து, ஒன்றையொன்று தள்ளிப் பிளந்துகொள்கின்றன.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை சுமார் 880 ஓம். ஹோல்டரிலிருந்து கழற்றி, ஆறவிட்டு மல்ட்டிமீட்டரில் அளந்தால் நூறு ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். சூடேறினால் அயனிகள் அதிகம் அதிர்ந்து எலக்ட்ரானின் வழியை மறிக்கின்றன. சிலிக்கானில் நேர்மாறு: சூடேற ஏற மின்தடை குறையும். அலோகம் என்றாலே மின்சாரம் கடத்தாது என்று எழுதும்போது, பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை விதிவிலக்காக மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கே: 916 நகையில் மீதி என்ன இருக்கிறது? 24 காரட்டிலேயே செய்தால் என்ன?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகையில் தங்கம் 7.33 கிராம். மீதி 0.67 கிராம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 24 காரட் வளையல் கையிலேயே நெளியும், கல் பிடிக்கும் கொக்கி விரிந்துவிடும். வேற்று அளவு அணுக்கள் உள்ளே புகுந்து அடுக்குகளை நழுவவிடாமல் தடுத்தால்தான் கெட்டித்தன்மை வரும். வெள்ளி அணு தங்க அணுவின் அளவே இருப்பதால் அது நிறத்தை வெளுப்பாக்கும், அவ்வளவாகக் கடினமாக்காது. செம்பு அணு சிறியது. உறுதி தருவதும் அதுதான், சிவப்பேற்றுவதும் அதுதான்.

பழைய கே.டி.எம். நகையை உருக்கக் கொடுத்தால் அது கேட்மியம் வைத்துப் பற்றவைத்தது என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள். கேட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகும், தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். அந்தப் புகை ஆசாரியின் நுரையீரலைப் பாழாக்கும். புது நகையில் பி.ஐ.எஸ். முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்.யூ.ஐ.டி.யும் (நகையின் தனி அடையாளம்) இருக்க வேண்டும்.

கே: காந்தம் ஒட்டினால் அது போலி எவர்சில்வரா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ப: இல்லை. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. ஆக, காந்தத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. 304 பாத்திரத்திலேயே, அச்சில் அழுத்தி வளைத்த மூலைகளில் படிக அமைப்பு மாறுவதால் லேசாக ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும்.

ரகம் எதுவானாலும் குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே விடாதீர்கள். அடியில் தங்கும் உப்பின் குளோரைடு, குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலையும் பாத்திரத்தில் ஊறவிட வேண்டாம்.